பவுனுவின் கார்

என் மகள் பவுனுவுக்கு இரண்டு வயது முடிந்ததும் காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவள் இடது காலின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது.

“அவளே காலை ஊன்றித் தரையைத் தள்ளணும்” என்றாள் ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அந்த நர்ஸம்மா. “நீங்க தூக்கிக்கிட்டே திரிஞ்சா அந்தக் கால் நடக்கவே மறந்துடும். அடுத்த மாசம் பாப்போம். அப்பவும் அசைவு இல்லன்னா காலுக்கு இரும்புச் சட்டம் மாட்டறதுதான்.”

ஜாலான் புசார் தெருவில் மரப்பட்டறை வைத்திருந்த நாகூர் கனி, கழிவுப் பலகையில் ஒரு கார் செய்து கொடுத்தார். மிதிகட்டை கிடையாது. மேலே உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை உந்த வேண்டும்.

நான் ரோடு போடும் கூட்டத்தில் தார் இறைக்கிறவன். புது ரோலர் வந்தால் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நகர்த்த மாட்டோம். என் பிள்ளை வண்டிக்கு மட்டும் குறை வைப்பேனா? சிராங்கூன் ரோட்டில் பொறுக்கியெடுத்த பெரிய பழங்களை நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்துவிட்டுப் பவுனுவை உட்கார வைத்தேன்.

நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வராந்தா முழுக்க ஆட்கள்.

“ரைட், ரைட்! பஸ் கிளம்புது லா!”

அவள் உந்தினாள். முகம் சிவந்தது. கார் நகரவில்லை. மறுபடி உந்தினாள். பிறகு அழுதாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

தாமதமாக வந்த நாகூர் கனி குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா மாணிக்கம், இதென்ன ரோலரா? முழுப் பழத்த முட்டுக் குடுத்தா நானே தள்ள முடியாது. பச்சப்புள்ள என்ன செய்யும்?”

பழங்களை எடுத்தோம். ஆனால் இந்தக் கார் ஓடாது என்று பவுனு முடிவு செய்துவிட்டாள். உட்கார வைத்தால் கால்களைத் தொங்கவிட்டுக் கைகளை நீட்டுவாள். “அப்பா தூக்கு.” மிட்டாய் காட்டினேன், மிரட்டினேன், காலில் விழுந்தும் பார்த்தேன். மாதம் ஓடியது. கால் சூம்பிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் காலையில் அவளைக் காரில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“அப்பா தூக்கு.”

“மாட்டேன். நீயே வா.”

அழுதாள். மூச்சு முட்ட அழுதாள்.

“நீங்க மனுசன்தானா?” என் மனைவி அன்னம்மா உள்ளேயிருந்து கத்தினாள். “புள்ள வெறச்சுப் போகுது. உங்க புண்ணியத்துல ஓடாத வண்டி, இனிமேலா ஓடப் போகுது?”

எனக்கும் கைகள் பரபரத்தன. தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். தூக்கிவிட்டால் இரும்புச் சட்டம். தூக்காவிட்டாலும் அதுதானோ என்னவோ.

பவுனு அழுகையை நிறுத்தி என்னை முறைத்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

“நீ வேணாம். போ!”

ஆத்திரத்தில் இரண்டு குதிகாலாலும் தரையை உதைத்தாள். கார் பின்னால் நகர்ந்தது. ஒரு சாண் இருக்கும். அவளே திகைத்தாள். பிறகு, “போ, போ” என்று மறுபடி உதைத்தாள். இடது குதிகால் சிமெண்டில் உரசித் தோல் வழன்றது. அந்தக் கால் உதைத்தது. என் கண்ணால் பார்த்தேன். என்னைவிட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தாள்.

“ஐயோ, ரத்தம்!” அன்னம்மா பிள்ளையை வாரி எடுக்க ஓடி வந்தாள்.

“தொடாதே!” என்றேன்.  எழுந்து அவளுக்கும் காருக்கும் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.