கலையாத மண்

பதினோரு மணிக்கு நிருபர்கள் வருவார்கள். அதற்குள் குழியைப் படம் பிடிக்கிற மாதிரி சுத்தமாக்க வேண்டும். பத்தேகாலுக்கு நான் மண்டியிட்டு, கொத்துக்கரண்டியால் அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் இதே குழியில்தான் அந்தப் பானை ஓடு கிடைத்தது. உள்ளங்கை அகலம். அதில் மையால் எழுதிய சுவிசேஷ வசனம், கிரேக்கத்தில், ஒன்றரை வரி. சுவிசேஷம் எழுதப்பட்டதாக அறிஞர்கள் சொல்லும் காலத்துக்கும் முந்தைய மண்ணடுக்கில் கிடந்தது. அதாவது, இயேசுவைக் கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருந்தபோதே எழுதியது. அகழாய்வுக்குத் தலைவி என் அக்கா. இப்படி ஒன்றுக்காகத்தான் இருபத்தாறு வருஷம் வெயிலில் கிடந்தாள். அவள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் தலைகாட்டுகிறவன். "உனக்காகத்தாண்டா ஆண்டவர் இதை அனுப்பியிருக்கார்" என்று மூன்று வாரமாக என்னை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கரண்டி எதிலோ தட்டியது. காசு. பழங்காசு என்று ஆசையாக ஊதினேன். பஸ்ஸில் கொடுக்கிற நம் காசு. நான் பிறந்த வருஷத்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தோண்டிய குழியை மூடும்முன் அடியில் அந்த வருஷத்துக் காசு ஒன்றைப் போட்டுவிடுவோம். இதுவரை தோண்டியாயிற்று என்று பின்னால் வருகிறவனுக்குத் தகவல். ஆக, நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் யாரோ இங்கே தோண்டி, மேல்மண் கீழ்மண் எல்லாம் கலந்து கொட்டி மூடியிருக்கிறார்கள். ஓடு எந்த நூற்றாண்டு மண்ணிலிருந்தும் வந்து விழுந்திருக்கலாம். மண் பொலபொலவென்று இருந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். மழை ஈரம்தான் என்று நினைத்து, குறிப்பேட்டில் 'கலையாத மண்', அதாவது இதுவரை யாரும் தோண்டாதது, என்று எழுதினேன். அக்கா என் எழுத்தை நம்பினாள்.

என் கை தன்னாலே காசைச் சட்டைப்பைக்குள் போட்டது.

"என்னடா பைக்குள்ள போட்ட?" மேலிருந்து அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"எடு வெளிய."

காட்டினேன். வருஷத்தைப் படித்தாள். குழியின் விளிம்பிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் தெரியாதுக்கா. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"இருந்த இடத்துலயே வை. பக்கத்துல அளவுகோலை வை. படம் எடுக்கணும்."

"இருபத்தாறு வருஷம்க்கா..."

"வசனத்துக்கு ஒண்ணும் ஆகல. நாம சொன்ன தேதிதான் பொய். பொய்யை முட்டாக் கொடுத்தாத்தான் நிக்கும்னா, அந்த விசுவாசம் எனக்கு எதுக்குடா?"

கோபமாகத்தான் சொன்னாள். கேமராவை அவளே எடுத்துக் குனிந்தாள். நாலு படம் மங்கல். ஐந்தாவதுதான் தேறியது.

கொட்டகையில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரே சலசலப்பு. முன்வரிசை நிருபர் கேட்டார்: "அப்ப கலையாத மண்ணுனு எழுதினது யாரு மேடம்?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து அவள் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்திருடா என்று மனசு கத்தியது. குறிப்பேடு என் மடியில்தான் இருந்தது. அதை மூடி, மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.