அவசரமில்லாதவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவுடையது. முதியோர் உதவி எண்ணுக்கு வரும் போன்களை எடுப்பது அவள் வேலை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, "நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, இதுக்கு ஒரு வழி சொல்லு" என்றாள். எழுத்தாளனிடம் வழி கேட்கிற ஒரே ஆள் உலகத்திலேயே இவள்தான்.

முதல் தொடக்கம்: "அந்தி மங்கிய வேளையில், தனிமை என்னும் பெருங்கடலில்..."

(அடித்துவிட்டேன். எனக்கே சகிக்கவில்லை.)

2

நேராக விஷயத்துக்கே வருகிறேன். எங்கள் பகுதியில் கிளினிக், மருந்துக்கடை, நூலகம், ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரும் ஒன்றுசேர்ந்து, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வேண்டியதை வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தார்கள் என்றே சொல்லலாம். மருந்து வீட்டுக்கு வந்தது, புத்தகம் வந்தது, கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்தது. (அறிக்கை வாடை அடிக்கிறதா? அடிக்கட்டும். நல்ல காரியம்தானே.)

அவர்கள் கூட்டத்தில் ஒரு குறை பேசப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்குக்குப் பிரஷர் பார்க்க வரும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், காலையில் வந்தால் மதியம்தான் திரும்பிப்போகிறார். "பாவம், இந்த வயசுல இவ்வளவு நேரமா?" என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நர்ஸை அவர் வீட்டுக்கே அனுப்ப முடிவானது. கைதட்டல் வேறு.

அவர் ஏன் காத்திருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. முறை வரும்போதெல்லாம் அடுத்தவரிடம், "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்பாராம். பக்கத்தில் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் அவசரமிருந்ததில்லை.

3

இருவரும் என்ன பேசியிருப்பார்கள்? காதல் என்று எழுதிப் பார்த்தேன். காகிதத்திலிருந்தே டைப்பிஸ்ட் அம்மா முறைத்தார். அக்காவிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா. தான் ஓட்டின ரோடெல்லாம் அவர் சொல்லுவார். 'போதும், ரொம்ப அளக்காதீங்க'ன்னு அந்தம்மா சொல்லும். அவர் சிரிப்பார். அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுக்காகத்தான் டைப்பிஸ்ட் அம்மா வாரம் முழுக்கச் செவ்வாய்க்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் வராமல் போனதும் உதவி எண்ணுக்கு போன் செய்தார். குழாய் ஒழுகுகிறது என்றார். அடுத்த முறை விளக்கு எரியவில்லை என்றார். கடைசியில்தான் விஷயம் வந்தது.

"அந்த லாரிக்காரர் வர்றதில்லையே. உடம்புக்கு எதுவும்..."

"நல்லா இருக்கார்மா."

"அப்பாடா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதம்மா. என்ன நினைப்பார்?"

அக்கா வாக்குக் கொடுத்தாள். அதே வாரம் லாரிக்காரரின் போன்.

"எனக்குப் பக்கத்துல ஒரு டைப்பிஸ்ட் அம்மா உக்காருவாங்க. வர்றாங்களா?"

"வர்றாங்க ஐயா. நீங்களும் வரலாமே?"

"எல்லாரும் மெனக்கெட்டு நர்ஸம்மாவை அனுப்புறாங்க. வேண்டாம்னா மரியாதையா இருக்குமா? நான் கேட்டேன்னு சொல்லிடாத தாயி. தப்பா எடுத்துக்குவாங்க."

அதற்கும் வாக்குக் கொடுத்துவிட்டாள் மகராசி. இப்போது இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவிக்கிறாள்.

4

முடிவு அ: இருவரும் நூலகத்தில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். (தற்செயல் இவ்வளவு சமர்த்தாக இருந்தால் அக்காவுக்கு என்ன வேலை?)

முடிவு ஆ: ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸ் கதவைத் தட்டுகிறார். உள்ளே...

(மாட்டேன். இதை எழுத மாட்டேன். ஆனால் இது நடக்காது என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.)

"பேசாம உடைச்சுச் சொல்லிடேன்க்கா."

"வாக்குக் குடுத்துட்டேன்டா. நாளைக்கு என்னை நம்பி யார் வாயைத் திறப்பாங்க?" தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஆமா, நீ யாருக்கும் வாக்குக் குடுக்கலையே?"

5

மருந்துப் பையோடு மாதத்துக்கு ஒரு தாள் வீடு வீடாகப் போகிறது. கண் முகாம் எப்போது, ஆட்டோவுக்கு யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த மாதம் பின்பக்கம் காலியாக இருந்ததாம். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்தப் பின்பக்கம்.

(மற்ற வாசகர்கள் மன்னிக்கவும். இனி உங்களோடு பேசவில்லை.)

டைப்பிஸ்ட் அம்மா, அவர் உங்களைக் கேட்டார். லாரிக்கார ஐயா, அவங்களும் உங்களைக் கேட்டாங்க. யாரும் யாரையும் தப்பாக நினைக்கவில்லை. அக்கா உங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

அடுத்த வரியை நான் எழுதினால் அது பொய். உங்களில் ஒருவர் பேசுங்களேன்.