எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு முத்து

1

இந்தக் கதையின் நாயகியின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் பத்தர் கண்ணாயிரத்தின் கடைக்குள் வந்தபோது என் மூக்குக்கண்ணாடி அவர் கையில் இருந்தது. ஒரு பக்கக் கம்பி ஒடிந்துவிட்டது. பற்றவைத்துத் தருகிறேன் என்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் இரண்டடிக்கு அப்பால் எனக்கு எல்லாமே நிறம்தான், உருவம் கிடையாது. காஞ்சிபுரம், 1968, ஆவணி மாதம், காலை பத்து மணி. வாசலில் ஒரு பச்சை நிறம் வந்து நின்றது.

"பத்தரே, இத்த பழையபடி ஆக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

இந்த ஒரு வரியிலிருந்துதான் கதை கிடைத்தது. அவள் கொண்டுவந்தது ஒரு முத்து மோதிரம். அவள் அங்கே பேசியதை என் காதால் கேட்டேன். முன்னால் நடந்ததைப் பத்தர் பிறகு சொன்னார். மீதியை நான் இட்டு நிரப்புகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘கிருஷ்ணவேணியின் விரலில் ஒரு துளி நிலவு உறைந்து—’

அடித்துவிட்டேன். முத்தை நிலவு என்று எழுதிவிட்டால் அதற்கு நேர்ந்தது புரியாது. முத்து சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் நெருங்கிய உறவு. சிப்பி அதை மெல்லிய தோல்களாக, ஒன்றின்மேல் ஒன்றாக, வெங்காயம் போல அடுக்குகிறது. வெளிச்சம் மேல் தோலில் பாதி திரும்பிவிடும். மீதி உள்ளே இரண்டு மூன்று தோல்கள் வரை போய்த் திரும்பும். அதனால்தான் முத்தின் ஒளி உள்ளிருந்து வருவதுபோல் தெரிகிறது. மேல் தோல் சொரசொரப்பானால் வெளிச்சம் உள்ளே போகாது. அப்புறம் அது வெறும் வெள்ளைக் குண்டு.

(மோதிரத்தில் முத்தைப் பதிப்பது இன்னொரு வித்தை. பாதி வரை துளை போட்டு, தங்கத்தில் நிற்கும் ஒரு சின்ன ஊசிமேல் பசை வைத்துச் செருகுவார்கள். இந்தத் துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

இரண்டாவது ஆரம்பம்: ‘வாலாஜாபாத் அரிசி மில்லில் கணக்கெழுதும் குமாரவேலுக்கு, நிச்சயத்தில் மோதிரம் போடவேண்டும் என்று ஆசை.’ இதில் குறையில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

குமாரவேலின் குடும்பத்தில் நிச்சயத்துக்கு மோதிரம் போடும் வழக்கம் இல்லை. தட்டு மாற்றினால் முடிந்தது. மில் முதலாளி வீட்டு நிச்சயத்தில் பார்த்துவிட்டு, குமாரவேல் தானும் ஒன்று போடுவது என்று தீர்மானித்தான். ஆனி மாதத்தில் ஒரு காலை, தனக்குப் பேசியிருந்த பெண் கிருஷ்ணவேணியையும் அவள் அப்பா தர்மனையும் பத்தர் கடைக்கு வரச் சொன்னான். தர்மன் சாயப்பட்டறை வைத்திருப்பவர். பட்டு நூலுக்குச் சாயம் போட்டுத் தருகிறவர். கிருஷ்ணவேணி பத்து வயதிலிருந்து அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவள்.

பத்தர் மூன்று தூத்துக்குடி முத்துகளைப் பித்தளைத் தட்டில் உருட்டினார். ஒன்று நேராக ஓடியது. ஒன்று கொஞ்சம் சாய்ந்தது. மூன்றாவது நொண்டியது.

"நேரா ஓடுதே, அதுதான் ஒசத்தி" என்றார் பத்தர்.

கிருஷ்ணவேணி மூன்றையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். சாயக்காரர்கள் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கமாட்டார்கள். வெயில் நேராக விழாத காலை வெளிச்சத்தில், முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று பார்ப்பார்கள். குமாரவேல் பின்னாலேயே போனான்.

"மூணும் வெள்ளதானே?"

"வெள்ளையில எத்தினி இருக்குது தெரியுமா ஒங்களுக்கு? இது நீலத்துல சாயுது. இது மஞ்சள். இத்த பாருங்க, உள்ள ரோஸ் ஓடுது. எங்கப்பா இந்த ஷேடுக்காக நாலு தரம் தொட்டியில முக்கி எடுப்பாரு."

அவன் பார்த்தான். முதலில் தெரியவில்லை. அவள் கையைக் கொஞ்சம் திருப்பினாள். தெரிந்தது.

"அது நொண்டிகினு போச்சேமா" என்றார் பத்தர் உள்ளேயிருந்து.

"மோதிரத்துல குந்திகினு இருக்கப்போவுது. ஓடவா போவுது?"

குமாரவேல் சிரித்தானாம். இதைப் பத்தர் சொன்னார். சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான் என்பது நான் சேர்த்தது.

மோதிரத்தைக் கொடுக்கும்போது பத்தர் பராமரிப்பு சொன்னார். குளிக்கும்போது கழற்றிவிடு. பவுடர், சென்ட் எல்லாம் பூசி முடித்துவிட்டுக் கடைசியாகப் போடு. கழற்றும்போது முதலில் இதைக் கழற்று. மெத்தென்ற துணியால் துடைத்து, தனியாகச் சுருட்டி வை. தங்கத்தோடு கிடந்தால் கீறிவிடும்.

எல்லாம் சரி. ஆனால் வீட்டோடு இருக்கும் பெண்களுக்குச் சொல்வதை அவர் சொன்னார். சாயப்பட்டறைப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. நானும் செய்வேன்.

4

நிச்சயத்தன்று குமாரவேலின் அம்மா ரேணுகாம்பாள் கிருஷ்ணவேணியின் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"இனிமே சாயத்துல கை வெக்கக் கூடாதுமா. எங்க வீட்ல பந்தி பரிமாறுற கை நாலு கலரா இருந்தா எவன் சாப்புடுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். தர்மன், "வெக்கமாட்டா சம்மந்திமா" என்றார். கிருஷ்ணவேணி விரலை மெல்ல விடுவித்துக்கொண்டாள். குமாரவேல் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

(அவனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நல்லவன்தான். ஆனால் அம்மா பேசும்போது சட்டைப் பொத்தானைப் பார்க்கிறவனாக அவனை எழுதிவிட்டேன். மாற்றிப் பார்த்தேன். பொத்தானையேதான் பார்க்கிறான்.)

ஒரு மாதம் அவள் பட்டறைக்குப் போகவில்லை. பிறகு ஒரு பட்டுக் கடைக்காரர் கேட்ட அரக்குச் சிவப்பு அமையாமல், நூல் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை தர்மன் தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அவள் போனாள். கறுப்பு ஒரு துளி, மஞ்சள் அரைத் துளி. நூலைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். வந்துவிட்டது. அப்போதுதான் விரலில் மோதிரம் இருப்பதும், முத்தின்மேல் சிவப்பு தெறித்திருப்பதும் தெரிந்தது.

இனி அவள் செய்ததைச் சாயக்காரர் மகள்தான் செய்வாள். சாயம் முடிந்த பட்டைக் கழுவி, கடைசியில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போடுவார்கள். புளிப்பு பட்டுக்கு நல்லது. நிறம் நிற்கும், மினுக்கம் ஏறும், கையில் பிடித்தால் ஒரு முறுமுறுப்பு வரும். மினுக்கம் வேண்டும் என்றால் எலுமிச்சை என்பது அவளுக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். மோதிரத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவினாள். பிறகு எலுமிச்சைத் தண்ணீரில் போட்டாள். ஒரு நூல் கற்றைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும். முத்தின்மேல் மிகச் சிறிய குமிழிகள் வந்திருக்கும். அழுக்கு போகிறது என்று அவள் நினைத்திருப்பாள்.

5

இனிப் பத்தர் கடை. இது நானே கேட்டது.

"கழுவுனேன் பத்தரே. மேல தெறிச்ச செவப்பு போச்சி. அதோட பளபளப்பும் போச்சி."

"எதுலமா கழுவுன?"

சொன்னாள். பத்தர் ஊதுவதை நிறுத்தினார். "பட்டுனு நெனச்சிகினியா அத்த?"

"ஆமா. வெள்ளிக்கிழம பொடவ எடுக்க வராங்க. மாமியா மொதல்ல கையத்தான் பாக்கும்."

பத்தர் ஒரு வழி சொன்னார். மேல் தோலைச் சுரண்டி எடுக்கலாம். உள் தோல் நன்றாக இருந்தால் பழைய ஒளி திரும்பும்; முத்து கொஞ்சம் சிறுக்கும். உள்ளே சரியில்லை என்றால் அவ்வளவுதான். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

நான் இங்கே ஒரு உதவி செய்ய நினைத்தேன். கடையில் அல்ல, கதையில். ‘எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன், மோதிரத்தைக் கழற்ற மறந்துட்டேன்’ என்று அவளைச் சொல்ல வைத்தால் போதும். புளிப்பு அதேதான். விளைவு அதேதான். ரேணுகாம்பாள் கோபப்பட மாட்டார், மருமகள் சமையல் கற்கிறாள் என்று மகிழ்ச்சிகூட அடைவார். குறை காணமுடியாத பொய். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அவளால் மறுபடி பட்டறைக்குள் கால் வைக்க முடியாது. அப்பா கொடுத்த வார்த்தை அன்றைக்கு அவளுடைய வார்த்தையாகிவிடும். உண்மையைச் சொன்னால் கல்யாணம்—

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"சுரண்டுனா அடியில செவப்பா ஒரு கோடு நிக்குதே, அது போவுமா?" என்று கேட்டாள்.

"மேல இருக்கறது போவும். தொளையில எறங்குனது போவாதுமா."

(துளை. நினைவிருக்கிறதா? சாயம் பசை வழியாக ஊறி, முத்தும் தங்கமும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழைச் சிவப்பாக நின்றுவிட்டது. ஊறுகாய்க் கதைக்கு இதுவும் இடைஞ்சல் இல்லை. மிளகாய்த்தூள் என்று சொல்லிவிடலாம்.)

அவள் மோதிரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எனக்கு ஒரு பச்சை நிறமும் அதற்குமேல் உயர்ந்த ஒரு கையின் நிறமும் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் பார்த்தாள்.

"அதே அரக்கு பத்தரே" என்றாள். "கரெக்டா புடிச்சிருக்குது."

அந்தக் குரலில் வருத்தம் இல்லை. வேலை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்கிற குரல் அது.

"சுரண்டட்டுமாமா?"

"நாளைக்கி சொல்றேன்." மோதிரத்தைப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். என் கண்ணாடி என் கைக்கு வந்தபோது தெருவில் அவள் இல்லை.

6

மறுநாள் அவள் வந்தாளா என்று நான் பத்தரிடம் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அவராகவே, "அந்தப் பொண்ணு கத தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவசர வேலை என்று எழுந்து வந்துவிட்டேன். முத்தைப் பற்றி விளக்கத் தெரிந்த நான், அவள் எதைச் சொல்லவேண்டும் என்றும் எழுதிவிடுவேனோ என்ற பயம்.

அதனால் வெள்ளிக்கிழமைவரை கொண்டுவந்து உங்களிடம் விடுகிறேன். பட்டுக் கடை. விரித்துப் போட்ட புடவைகள். ரேணுகாம்பாள் கிருஷ்ணவேணியின் கையை எடுத்து, கண்ணுக்கு அருகே கொண்டுபோகிறார்.

"இன்னாமா இது, முத்து இப்பிடி வெளுத்துப் போச்சி?"

கிருஷ்ணவேணி வாய் திறக்கிறாள். அதற்குள் குமாரவேல் சட்டைப் பொத்தானிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு எழுந்திருக்கிறான்.

"இங்க லைட்ல தெரியாதுமா" என்கிறான் அம்மாவிடம். "வெளிச்சத்துக்குக் கொண்டாங்க."

மூன்று பேரும் வாசலுக்கு வருகிறார்கள். காலை வெளிச்சம். கிருஷ்ணவேணி, பழக்கத்தில், முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிற்கிறாள். கையைக் கொஞ்சம் திருப்புகிறாள். சிவப்புக் கோடு தெரிகிறது.

சொல்கிறாள்: