ஆளுக்கொரு மருந்துக்குழாய்

லாடக்காரர் மனைவிக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். அந்த ரேடியோ இரண்டு நாளாக ஊமை. காரணம், அவர்கள் வீட்டுக் குதிரைக்குட்டியின் தொப்பை.

"பாருங்க, என் வளர்ப்பு!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டியவள் அவள். "வளர்ப்பாவது! வயிறு பூராப் புழு," என்றார் கணவர். கால்நடை டாக்டரும் குட்டியின் சிலிர்த்த ரோமத்தைத் தடவிப் பார்த்து அதையே சொல்ல, அவளுக்கு மானம் போயிற்று, கணவரோடும்கூடப் பேச்சு நின்றது.

டாக்டர் இரண்டு மருந்துக்குழாய்களைக் கொடுத்திருந்தார். "ஒண்ணு நாளை மறுநாள் காலையில. இன்னொண்ணு நான் சொல்றப்ப. எல்லாப் புழுவும் ஒரேயடியா செத்தா குடல்ல அடைச்சுக்கும். குட்டி தாங்காது."

பாய் தலையணையெல்லாம் பிரிந்து கிடந்த வீட்டில் குழாயும் ஆளுக்கொன்றானது.

விடியற்பனியில் லாயம் மிதந்துகொண்டிருந்தது. அவள் தன் குழாயைக் குட்டியின் கடைவாயில் நுழைத்து அழுத்தினாள். வாயைத் துடைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். திரும்பினால், பனிக்குள்ளே கணவர் குட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வாளி நழுவியது.

"ஏங்க! மருந்தா கொடுத்தீங்க?"

"ஆமா. நீயும் கொடுத்தியா? வாயைத் திறந்து சொன்னா என்னவாம்? ஊருக்கெல்லாம் சொல்றவ!"

"ஏன், உங்க வாய்க்கு லாடம் அடிச்சிருந்ததா?"

போனில் டாக்டர் இருவரையும் ஒரே மூச்சில் திட்டினார். "கிளம்பிட்டேன். தீனி போடாதீங்க. வயித்துல காதை வெச்சுக் கேட்டுட்டே இருங்க. சத்தம் நின்னாத்தான் ஆபத்து."

ஒரு விலாவில் அவள் காது, மறு விலாவில் அவர் காது. உள்ளே, வெகு தொலைவில், ஓர் ஆறு புரண்டது. மணல் சரிந்தது. யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். தாய்க்குதிரையின் மூச்சு வெண்மேகமாகி அவர்கள் தலைமேல் தங்கியது. மதில்மேல் முளைத்த அக்கம்பக்கத் தலைகள்கூட வாய் பொத்தி நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மெலிந்தது.

"ஏதாவது பேசேன்," என்றார் வயிற்றுக்கு அப்பாலிருந்து. "பயமா இருக்கு."

அவள் பேசினாள். பக்கத்து வீட்டு மாமியாரின் புதுச்செருப்பு, எதிர்வீட்டுச் சம்பந்தம், இரண்டு நாள் பாக்கி முழுவதும். டாக்டர் வந்து குட்டியின் வயிற்றுக்குள் எண்ணெய் இறக்கியபோதும் நிறுத்தவில்லை. குட்டி அவள் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது.

பனி கலையும் நேரம் ஆறு மறுபடி புரண்டது. குட்டி வாலைத் தூக்கியது. வைக்கோலில் வெள்ளைக் கயிறுகள்போல் புழுக்கள், கொத்துக் கொத்தாக.

"பிழைச்சுடுச்சு," என்றார் டாக்டர்.

லாடக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதில் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் வந்து பாருங்க. இவ வளர்ப்பு!"