சந்தேகத் தட்டு

ஐந்தாம் அத்தியாயமும் திறக்கவில்லை. 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதன் அடியில் 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். என்ன சரியோ! மனைவி அதை அழுத்திவிட்டு எழுந்து அவனுக்கு நாற்காலியை விட்டாள். எட்டு மாத உழைப்பு. தீக்காயப் பிரிவுச் செவிலியர்களுக்கான பாடநூலின் மொழிபெயர்ப்பு, மொத்தம் பதினான்கு அத்தியாயங்கள். புதன்கிழமை பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். முழுதாக முடிக்காமல் ஒரு பக்கத்தைக்கூட வெளியே அனுப்பாத பிறவி அவள்.

அவனுக்கு ஒரு நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. அந்த வாரம் மட்டும் நாற்பத்திரண்டு கணினிகளுக்குப் புது இயங்குதளம் ஏற்றியிருந்தான். கண்ணை மூடினால் ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். நேற்று அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய கணினிக்கும் ஏற்றினான். யார் கேட்டார்கள்? கோப்புகளைப் பென்டிரைவுக்கு மாற்றி, வட்டை மொத்தமாகத் துடைத்து, ஏற்றி முடித்து, திரும்ப உள்ளே கொண்டுவந்தான். மாற்றியதையும், பென்டிரைவில் அவள் பத்திரப்படுத்தியிருந்த பழைய நகல்களின் மேலேயே மாற்றினான்; அவையும் அழிந்தன. போதாக்குறைக்கு, வேலையைத் தொடங்கும் முன்பே வேகத்துக்காக விரல் நீள ராம், அதாவது நினைவகத் தகடு ஒன்றையும் உள்ளே செருகியிருந்தான். அவள் திரும்பி வந்து பார்த்து அசந்துபோவாள் என்று நினைப்பு.

அவள் நாற்காலியை விட்டது காலையில். இப்போது ஞாயிறு மதியம். வட்டைச் சோதித்தான், பழுதில்லை. வைரஸ் தடுப்பை நீக்கிப் பார்த்தான், மாற்றமில்லை. காலை பத்து மணிக்கே அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிறகும் மூன்று மணி நேரம் அங்கே இங்கே தட்டிக்கொண்டிருந்தான். தெரிந்ததையே தேடுவதுபோல நடிப்பதில் உள்ள அலுப்பு வேறு எந்த வேலையிலும் இல்லை.

அவன் அலுவலகத்தில் கழற்றிய உதிரிகளைப் போட மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் உண்டு. நல்லது, செத்தது, சந்தேகம். அந்த வழக்கம் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. குடை, டார்ச் பேட்டரி, அவனுடைய சித்தப்பா எல்லாருக்கும் ஆளுக்கொரு தட்டு இருந்தது. "சித்தப்பா இந்த மாசமும் சந்தேகத் தட்டுதான்" என்று அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னால் இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாகும். அந்த ராம் அவன் எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். முழுச் சோதனைக்கு ஆறு மணி நேரம் ஆகும். அவன் செய்தது பத்து நிமிடச் சோதனை.

"வைரஸா இருக்குமோ?" என்றாள் பின்னாலிருந்து.

"பாக்கறேன்."

"காலையில மூணாவது நல்லாத்தான் தொறந்துச்சு. பத்திரமா இருக்கட்டும்னு ஒரு தடவ சேவ் பண்ணி வச்சேன். இப்ப அதுவும் போச்சு. மிச்சத்தையாவது தொறந்து சேவ் பண்ணிடறேன், தள்ளுங்க."

அவள் கை மவுஸுக்கு வந்தது. வைரஸ் என்று சொல்லிவிடலாம். தூசி தட்டுகிறேன் என்று கணினியைக் கழற்றி, ராமை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதுவரை அவள் சும்மா இருக்க வேண்டுமே. திறந்து சேமிக்கும் ஒவ்வொன்றும் அந்த ராம் வழியாகத்தான் போய்வரும். அவளுடைய பயமே அவள் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தது.

"தொறக்காத" என்றான். கணினியை அணைத்து, திருகுகளைக் கழற்றி, அந்தப் பச்சைத் தகட்டை எடுத்து மேசையில் வைத்தான். "இது நான் போட்டது. இதனாலதான் எல்லாம்."

அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தத் தட்டுலேருந்து எடுத்தீங்க?"

"டெஸ்ட் பண்ணித்தான் போட்டேன். பாஸ் ஆச்சு."

"எந்தத் தட்டுன்னு கேட்டேன்."

அவன் சொன்னான். அந்த வார்த்தையைக் கேட்டு அவள் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

அந்த ராம் இல்லாமல் கணினி பழையபடி நத்தையாக எழுந்தது. ஒன்பது அத்தியாயங்கள் திறந்தன. ஐந்து போனது போனதுதான். அந்த ஒன்பதும் அதே ராம் வழியாக வந்தவைதான்; அவற்றையும் அவள் வரிக்கு வரி சரிபார்த்தாக வேண்டும். திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அந்தத் தகட்டை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து மூல நூலை எடுத்து வந்தாள். தலையணை கனம். மூன்றாம் அத்தியாயத்தில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொண்டது. மறுபடி விரித்தாள், மறுபடி மூடிக்கொண்டது. அவன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தான்.

"கைய எடுக்காதீங்க" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

அவன் எடுக்கவில்லை. அவன் கட்டைவிரலுக்குக் கீழே, வெந்துபோன ஒரு கையின் படம் இருந்தது. அதற்கு எப்படிக் கட்டுப் போட வேண்டும் என்பதை அவள் முதல் வரியிலிருந்து தட்டத் தொடங்கினாள்.