இரண்டரை அடித் தண்ணீர்

...கியர் பெட்டிக்கு மூக்கு இருக்கிறதாம், அது மூச்சு விடுகிறதாம், சொல்கிறான் பார், அரக்கோணத்தில் உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் டில்லிபாபு போனில் சொல்கிறான், மேலாக்கா சின்னதா ஒரு மூக்கு இருக்கும்ணா, அதுல டியூபு மாட்டி மேல இழுத்துக் கட்டிடு, இல்லாங்காட்டி சூட்டோட தண்ணீல எறங்குனா பொட்டி தண்ணிய உறிஞ்சிக்கும்... அவனுக்கென்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான், வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் சேறு சொட்ட, அந்த மூக்கைத் தேடுவது துளசிங்கம்தானே. ஐம்பத்திரண்டு வயது, தொப்பை வேறு அச்சில் இடிக்கிறது. முப்பது வருஷத்து டீசல் ஜீப், எடைக்குப் போட்டுத் தொலை என்று பெண்டாட்டி அனுராதா தலைபாடாக அடித்துக்கொண்டாள், கேட்டானா, போட்டிருந்தால் இன்றைக்கு இல்லை என்று கையை விரித்திருக்கலாம், இருக்கிறதே, இருப்பதால்தானே இந்த அவஸ்தை. வெளியே நாலைந்து ஜோடிக் கால்கள் நிற்கின்றன, எல்லாம் தெருக்காரர்களுடையவை, ஒரு காலாவது ஸ்பானரை எடுத்து இப்படித் தள்ளுகிறதா, இல்லை. அந்த வெள்ளிக் கொலுசு எதிர்வீட்டு அனுசுயா, அவள் வந்துவிட்டால் விஷயம் மலைக்கோயில் அடிவாரம் வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். என்ன விஷயம்? அக்கா புருஷன் பங்காரு பாவாவுக்குத் துளசிங்கம் மருந்து கொண்டுபோகிற விஷயம். எந்த பங்காரு? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேர் எதிரில், இவ ஆக்குன கொழம்ப நாய்கூட மோந்து பாக்காது என்று ரஞ்சிதம் அக்காவைச் சொல்லி, அவள் சாப்பிட்ட கையைக் கழுவாமலே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாளே, அந்த பங்காரு. என் அக்கா இனிமே உன் வாசப்படி மிதிச்சா நான் துளசிங்கமே இல்லை என்று மார்க்கெட்டு நடுவில் கத்தினது யார்? சரி, யாரோ. அதையெல்லாம் தெரு மறக்குமா, அனுசுயா மறக்கவிடுவாளா.

மூன்று நாள் மழை, மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், திருவாலங்காட்டுப் பக்கம் தரைப்பாலத்தின் மேல் இரண்டரை அடித் தண்ணீர், அதற்கு அந்தாண்டை கரும்புக் கொல்லை நடுவில் ஒண்டியாக பாவா, அவருடைய சர்க்கரை ஊசி மருந்து இன்று காலையோடு தீர்ந்தது. சுற்றுவழி இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது, படகு கேட்டால் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்கள், நாளைக்கு வரைக்கும் அந்த உடம்பு தாங்குமா, போன தடவை இரண்டு வேளை ஊசி போடாமல் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாரே. இதையெல்லாம் காலையில் காபி டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு ரஞ்சிதம்தான் சொன்னாள், வியாழக்கிழமை ஆறு வேளைக்குத்தான் மருந்து இருந்தது என்று. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பக்கத்துக் கொல்லைக்காரி சொன்னாள், உனக்கு இன்னா அதப்பத்தி, வண்டிய எடு என்றாள். பக்கத்துக் கொல்லைக்காரி வேளைக் கணக்கா சொல்லுவாள்? இருக்கட்டும், மூக்கு கிடைத்துவிட்டது, அப்பாடா, இதோ டியூப், இதோ கட்டுக்கம்பி. ஆயில் பார்க்கிற கம்பியைச் சுற்றி கிரீஸ் அப்பியாயிற்று. தண்ணீர் எஞ்சின் வாய்க்குள் போகக் கூடாதே என்று காற்று இழுக்கிற குழாயில் கொல்லைக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைச் செருகி, கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு மேல் ஒரு முழம் தூக்கிக் கட்டியாயிற்று. முன்பக்கம் தண்ணீர் மோதாமல் இருக்க தார்பாய் கட்டு என்றான் டில்லிபாபு, தார்பாய் ஏது, பிள்ளையின் காதுகுத்து ஃபிளெக்ஸ் பேனர்தான் கிடைத்தது, அதில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கும் மச்சான், அனுராதாவின் தம்பி, அவன் முகம் சரியாக நம்பர் பிளேட்டுக்கு மேல் வந்தது, அவன் முதலில் தண்ணீரில் இறங்கட்டும், காலையிலிருந்து நடந்த ஒரே நல்ல காரியம்.

சாவியைத் திருகினான். உறுமியது, இருமியது, கரும்புகையாகக் கக்கியது, அடங்கிவிட்டது. மறுபடி, மறுபடியும் அதே. எங்கே தப்பு, எதை மறந்தான், டீசலா, காற்றா... இறங்கி அண்ணாந்து பார்த்தால், கூரைக்கு மேல் கொடிமரம் மாதிரி நிற்கிற ஹோஸ் வாயில் சாமந்தி மாலை. மலைக்கோயிலிலிருந்து வந்த மாலையாம், வண்டியில் இதுதானே உசரமாக இருந்தது, அதனால் அதற்குச் சாத்தினாளாம் அனுசுயா. பாதி மாலையைக் காணோம், எஞ்சின் தின்றுவிட்டது. ஹோஸைப் பிடுங்கி, பில்டரைக் கழற்றி, எண்ணெயில் ஊறின இதழ்களை விரல்விட்டு நோண்டி எடுக்க அரைமணி நேரம், அவளோ நகரவே இல்லை, குனிந்து பார்த்துக்கொண்டே, "சாமியே இழுத்துக்கிச்சுப்பா, நல்ல சகுனம்தான்" என்றாள். அவன் பில்டரை நறுக்கென்று திருகி மாட்டினான், வாயைத் திறந்திருந்தால் இன்னொரு மூன்று வருஷக் கதை ஆகியிருக்கும்.

இது ஓய்ந்து வண்டி கிளம்பினால், மருந்து வைத்து ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டு பின்சீட்டில் ரஞ்சிதம். நீ எதுக்கு, நான் குடுத்துட்டு வரேன் என்று எவ்வளவு சொல்லிப் பார்த்தான். "அவருக்குக் கை நடுங்கும்டா, ஊசி யாரு போடுவாங்க, நீயா?" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான். இந்த மூன்று வருஷமாக யார் போட்டார்களாம்? கேட்டால் அழுவாள், இல்லை திட்டுவாள்.

தரைப்பாலத்தில் ஓரக்கற்கள் மட்டும் தலையைக் காட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் விசிறி தண்ணீரை வாரி அடிக்காமல் இருக்க பெல்ட்டைத் தளர்த்தினான், நாலு சக்கர கியரைப் போட்டு முதல் கியரில் இறக்கினான், மெதுவா போ, ஆனா நிக்காத, நின்னா முடிஞ்சிச்சு, டில்லிபாபு சொல்லியிருந்தான். மச்சான் முகம் முங்கியது. செம்மண் தண்ணீர் கதவிடுக்கில் புகுந்து காலை நனைத்தது, பாதி தூரம், எஞ்சின் சீராகத்தான் முனகுகிறது, பின்சக்கரம் லேசாக வழுக்க, கண்ணாடியில் பின்னால் பார்த்தான். தண்ணீர் படாமல் ஒரு மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் அக்கா, பழைய புடவையில் சுற்றியது, முடிச்சு அவிழ்ந்து வெளியே தெரிந்தது... மிக்ஸி. அக்கா கல்யாணத்துக்குச் சீராகப் போட்ட மிக்ஸி, அந்தப் பந்தியன்றே ஆள் அனுப்பி பாவா வீட்டிலிருந்து வரவழைத்துக்கொண்ட மிக்ஸி, மூன்று ஜாரோடு. ஊசி போடப் போகிறவளுக்கு மிக்ஸி எதற்கு? அனுராதாவுக்குத் தெரியுமா? தெரு முழுக்க நின்று பார்த்ததே, அனுசுயாகூடவா பார்க்கவில்லை? அக்கா, இன்னா இது என்று திரும்பிக் கேட்கலாமென்றால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க முடியாது, எடுத்தால் நின்றுவிடும், நின்றால் முடிந்தது. அவளும் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஜாரை இழுத்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கரையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு உருவம், பாவாதான், கை ஆட்டவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தார். வண்டியின் பின்பக்கம் இந்த அளவுக்காவது தரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அக்காவின் கனத்தால்தான் என்று துளசிங்கத்துக்கு அப்போதுதான் பட்டது, சரி, திரும்பி வரும்போது பின்னால் எதை ஏற்றுவது...