ஒரு டிஸ்க், இரண்டு கதவு

அன்று ஸ்டுடியோக்காரன் திட்டிய திட்டில், கம்ப்யூட்டருக்குக் கால் இருந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். அழி என்றால் அழிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

புதுப் படங்களை இறக்க டிஸ்கில் இடமில்லை. சாயந்திரம் பெரியவர் வீட்டுக் குடும்பப் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாக வேண்டும். நாலு தலைமுறை ஒன்றாக நின்ற படம். எடுத்த மறுநாளே பேரன் பேத்திகள் மூலைக்கொருவராக விமானம் ஏறிவிட்டார்கள், இனி அவர்களை ஒன்றாகச் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. கேமரா கார்டையும் எப்போதோ காலி செய்தாயிற்று. ஆனால் அந்தப் படங்கள் ‘வேலை’ ஃபோல்டரிலும் இருந்தன, வாடிக்கையாளருக்குக் காட்டும் ‘காட்சி’ ஃபோல்டரிலும் இருந்தன. இரண்டில் ஒன்றை எடுத்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தான்.

கடைசியில் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். அண்ணி ஈரக் கையைத் துடைத்தபடி இறங்கி வந்தாள். ஒரு பெரிய ஆபீஸின் சர்வர்களையெல்லாம் மேய்ப்பவள் அவள். இந்த மெஷினையும் அவள்தான் அமைத்துக் கொடுத்தாள்.

“அண்ணி, இதோட பூட்டை உடைச்சுக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

“பூட்டினது யாருன்னு பாக்க வேண்டாமா?” என்று ஏதோ தட்டினாள். திரையில் ஃபோல்டருக்கு ஒன்றாக நீளமாக இரண்டு வரிகள் வந்தன. “உள்ள உக்காந்து எல்லாத்தையும் நடத்துதே கெர்னல், அது வெச்சிருக்கிற கணக்கு இது. நாம என்ன கேட்டோம்ங்கிறது வேற, இப்ப நிஜமா என்ன நடக்குதுங்கிறது வேற. இது நிஜம்.”

அவன் குனிந்து பார்த்தான். “வேலைக்கு நேரா எழுதலாம்னு தானே போட்டிருக்கு? அப்புறம் என்ன கேடு?”

“அது கதவுக்கு, தம்பி, இந்த ஃபோல்டருக்கு மட்டும். வரியோட கடைசிக்கு வாங்க. டிஸ்குக்குன்னு தனியா போட்டிருக்கா? படிக்க மட்டும். டிஸ்க்ல எங்கயோ பழுது. பழுது தெரிஞ்சா எழுதறதை நிறுத்திடுன்னு நான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். அழிக்கிறதும் எழுதற கணக்குதான். டிஸ்க்கே மூடிக்கிட்டா கதவு திறந்திருந்து என்ன?”

“சரி, அதான் காட்சில இன்னொரு காப்பி இருக்கே. வேலைல இருக்கிறதை மட்டும்...”

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதல் வரியில் டிஸ்கின் எண்ணைத் தொட்டாள், பிறகு இரண்டாவது வரியில். இரண்டும் ஒரே எண்.

“காப்பி ஏது? ஒரே டிஸ்க், ரெண்டு கதவு. வர்றவங்க எதையும் அழிச்சிடக் கூடாதுன்னு காட்சிக் கதவுல மட்டும் எழுத விடாம வெச்சேன். நீங்க இந்தக் கதவு வழியா அழிச்சிருந்தா, அந்தக் கதவைத் திறந்தாலும் வெறும் சுவர்தான்.”

காலையிலிருந்து எத்தனை தடவை அந்தக் கட்டளையைக் கொடுத்தான் என்று நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

“அப்ப நான் இவ்வளவு நேரம் திட்டினது...”

“காப்பாத்தினவரைத்தான்,” என்று அண்ணி சிரித்தாள். “போய்ப் புது டிஸ்க் வாங்கிட்டு வாங்க.”

வாங்கி வந்தான். ஒரு படம் விடாமல் எல்லாம் புது டிஸ்குக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்குச் சோறே இறங்கியது.

சாயந்திரம் பெரியவர் படத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கிளம்பும்போது கேட்டார்: “இதுக்கு இன்னொரு காப்பி உங்ககிட்ட இருக்குமா, தம்பி?”

காலையில் கேட்டிருந்தாலும் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பான்.

“இப்ப இருக்கு, ஐயா,” என்றான்.